கிறிஸ்துமஸுக்குள் நடக்கும் என்றார்கள்

கேள்வி:

ஐயா, ஸ்தோத்திரம். நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். என் கணவருக்கு 46 வயது. துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தார். மூன்று வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. என் கிட்னியைத் தருகிறேன் என்றேன், ரத்த வகை சேரவில்லை. அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரை. சென்னையில் ஒரு மருத்துவமனை மூலம், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து தானமாகக் கிடைக்கும் கிட்னிக்கான பட்டியலில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

போன வருடப் புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் இருந்த வசனம் எரேமியா 29:11. அப்புறம் எங்கள் சபைக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் என் கணவரின் தலையில் கை வைத்து, "இந்தக் கிறிஸ்துமஸுக்குள் ஆண்டவர் அற்புதம் செய்வார்" என்றார். முழுசாக நம்பினோம். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. இப்போது சிலர் எங்களுக்கு விசுவாசம் குறைவு என்கிறார்கள். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "மெஷினை நம்புகிறாயா, ஆண்டவரை நம்புகிறாயா?" என்று கேட்டுவிட்டார். என் கணவரும் அதிலிருந்து, "நிறுத்திவிட்டால் எல்லாருக்கும் விடுதலை" என்கிறார். இதற்கிடையில் ஒரு கிட்னி புரோக்கர் போன் செய்துகொண்டே இருக்கிறார். அப்பாவுக்கு ஆபரேஷன் முடியட்டும் என்று, பிளஸ் டூ முடித்த மகளைக் கல்லூரிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.

எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. கிட்னி கிடைக்க வேண்டும் என்று ஜெபித்தால், யாரோ ஒருவர் சாக வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. வரப்போகும் கன்வென்ஷனுக்கு அதே ஊழியக்காரர் வருகிறார். சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசத்தோடு முன்கூட்டியே மேடையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஏழெட்டுக் கேள்விகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் இன்றைக்கே பதில் வேண்டும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸை நிறுத்தக் கூடாது. ஒரு தடவைகூடத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் பொட்டாசியம் ஏறும், நீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், இதயம் நின்றுபோகலாம். இது விசுவாசத்தை அளந்து பார்க்கும் இடமில்லை.

அந்த அக்காவின் கேள்விக்கு அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. உங்கள் கணவர் படகோடு வாழ்ந்தவர், அவரே வாசித்தால் என்னைவிட நன்றாக விளக்குவார். புயலில் மாட்டிய கப்பலில் 276 பேர். ஒருவர் உயிரும் போகாது என்று தேவதூதன் மூலம் பவுலுக்கு வாக்கு கிடைத்துவிட்டது, அதை எல்லாருக்கும் அறிவித்தும்விட்டார். அப்புறம் ஒரு ராத்திரி, மாலுமிகள் நங்கூரம் போடுகிற சாக்கில் சின்னப் படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். பவுல் அப்போது என்ன சொன்னார்? கடவுளின் வாக்கு இருக்கிறது, மாலுமி போனால் போகட்டும் என்றா சொன்னார்? இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் போய்ச் சொன்னார். விடியற்காலம் எல்லாரையும் உட்காரவைத்துச் சாப்பிடவும் சொன்னார். கப்பல் ஓட்டத் தெரிந்தவன் கையும், பதினாலு நாள் பட்டினி கிடந்த வயிற்றுக்குச் சோறும் அவருக்குக் கடவுளுக்கு எதிரான கட்சியாகத் தெரியவில்லை. டயாலிசிஸ் மெஷினும், அதை இயக்கத் தெரிந்த டெக்னீஷியனும் உங்கள் கப்பலில் இருக்கும் மாலுமிகள். அவர்களை இறக்கிவிட்டுவிட்டு விசுவாசம் என்று பேர் வைக்க வேண்டாம்.

"நிறுத்திவிட்டால் எல்லாருக்கும் விடுதலை" என்று உங்கள் கணவர் சொல்வதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆவிக்குரிய சோர்வு என்று மட்டும் அதைத் தள்ளிவிடாதீர்கள். நீண்ட நாள் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு நோய் வருவது சாதாரணம், அதற்கு மருத்துவமும் உண்டு. அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போகும்போது, அவர் சொன்ன அதே வார்த்தைகளில் டாக்டரிடம் சொல்லுங்கள். அவரிடமும் நேராகக் கேளுங்கள்: "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோமோ என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்ட பிறகுதான் பலரும் மனம் திறக்கிறார்கள். ராத்திரி நேரத்தில் நிலைமை மோசமானால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பராமரிக்கிறவர்களும் அழைக்கலாம், உங்களுக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி கிறிஸ்துமஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்குக் கிடைத்த வசனத்தை வாக்குத்தத்த அட்டையில் இருந்து எடுத்து, அது இருந்த இடத்தில் திரும்ப வைத்துப் பாருங்கள். எரேமியா 29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டுபோன மக்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று 11-ஆம் வசனம் சொல்கிறது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று அதில் இருக்கிறது. எழுபது வருஷம்! அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியபோது நாற்பது வயதானவர் ஒருவர் இருந்திருந்தால், அவர் ஊர் திரும்பியிருக்க வழியே இல்லை. முதலில் கேட்டவர்களில் பெரும்பாலோர் நிறைவேறுவதைக் கண்ணால் பார்க்காமலே சாகப்போகிறவர்கள். அவர்களிடம்தான் கடவுள், உங்களைக் குறித்த என் நினைவு நல்லது என்கிறார்.

இதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அதில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். ஆலயத்தில், எல்லாருக்கும் முன்பாக, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அறிவிக்கிறார். எரேமியா அதற்குச் சொன்ன முதல் வார்த்தை எனக்கு மிகவும் பிடிக்கும். "ஆமென்" என்கிறார். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அதுதானே ஆசை? எழுபது வருஷம் என்று சொல்லிக்கொண்டு திரிய எந்த மனுஷனுக்குப் பிடிக்கும்? ஆனால் ஆசைப்படுவது வேறு, கடவுள் சொன்னார் என்று தேதி குறிப்பது வேறு. அந்த இரண்டு வருஷம் அனனியாவின் கணக்கு.

உங்கள் ஊழியக்காரர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. படுக்கையில் இருக்கிற மனுஷனைப் பார்த்ததும் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கிறிஸ்துமஸ் என்ற கெடுவை வைத்தது அவர். கெடு தவறியதற்கு அவர்தான் பொறுப்பு. அதற்கான பழியை இரண்டு பேர் மேல் போடுகிறார்கள்: ஒன்று உங்கள் விசுவாசத்தின் மேல், இன்னொன்று, நீங்களே மனதுக்குள் போடுவது, ஆண்டவர் மேல். இரண்டையும் இறக்கிவையுங்கள். ஆண்டவர் உங்களிடம் தேதி சொல்லவில்லை. சொல்லாத தேதியை அவர் தவறவிடவும் இல்லை.

விசுவாசம் குறைவு என்கிறவர்களுக்கு 2 தீமோத்தேயு 4:20-ஐக் காட்டலாம். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். அவருடைய சரீரத்தில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டே வியாதிகள் நீங்கின என்று வேதம் சொல்கிற அதே பவுல், கூட வந்த ஊழியனை நோயோடு ஒரு துறைமுகப் பட்டினத்தில் விட்டுவிட்டு வருகிறார். காரணம் சொல்லவில்லை, யார் மேலும் குற்றம் சாட்டவில்லை. தகவலாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். சரி, இதைக் காட்டினாலும் வாதம் செய்கிறவர்கள் செய்யத்தான் செய்வார்கள். எல்லாருக்கும் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் விசுவாசத்தால்தான் கிட்னி தள்ளிப்போகிறது என்று பயப்படவும் வேண்டாம். தமிழ்நாட்டில் உங்கள் கணவர் காத்திருக்கிற அந்தப் பட்டியலின் வரிசையைப் பதிவுத் தேதி, ரத்த வகை போன்றவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். உங்களுக்குச் சோர்வு வந்த ராத்திரியில் அவர் பெயர் ஒரு இடமும் கீழே இறங்கிவிடாது.

நம்மவர்கள் பார்க்க வரும்போது இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அன்போடு கொண்டுவருகிறார்களே என்று ஒரு மடக்குக் குடித்துவைக்க வேண்டாம். இதில் மட்டும் முகத்துக்கு நேராக மறுக்கலாம்.

எரேமியாவின் கடிதத்தில் உங்களுக்கு அதிகம் தேவைப்படுகிற பகுதி 11-ஆம் வசனம் கூட இல்லை, 5-ம் 6-ம் தான். "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்கிறது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அங்கே பெருகுங்கள் என்கிறது. எப்போது? ஊர் திரும்பிய பிறகா? பாபிலோனில் இருக்கும்போதே. விடுதலை வரும்வரை மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருங்கள் என்று கடவுள் சொல்லவில்லை. அனனியாவின் இரண்டு வருஷத்தை நம்பியவன் தோட்டம் வைக்கமாட்டான், எதற்கு வைக்க வேண்டும்? குறித்த தேதியை நம்பிக் காத்திருப்பதில் உள்ள ஆபத்து இதுதான். ஏமாற்றம் கடைசியில் ஒரு நாள் வருவது. அதற்கு முன்னாலேயே, இருக்கிற நாட்கள் எல்லாம் கணக்கில் வராத நாட்களாகப் போய்விடுகின்றன.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். தாத்தா வைத்த மரங்கள். அந்த ஊர் விவசாயிகள் அதன் பிறகும் கன்று வைத்தார்கள். பலா காய்க்கப் பல வருடம் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? விழுந்த மரம் திரும்ப எழாது என்று தெரிந்தும், துக்கம் ஆறுவதற்கு முன்பே குழி தோண்டினார்கள். எரேமியா கேட்பது அதைத்தான்.

ஆகவே மகளைப் பற்றி. இந்த வருடம் அவளைச் சேர்த்துவிடுங்கள். அப்பாவின் ஆபரேஷனுக்கும் அவள் படிப்புக்கும் முடிச்சுப் போட்டது நீங்கள், அவிழ்க்கவும் உங்களால்தான் முடியும். தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். "அப்பா இப்படி இருக்கும்போது நான் எப்படிப் போவேன்" என்று அவளே சொல்லக்கூடும். அதற்கான பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம், அவள் அப்பாவைச் சொல்ல விடுங்கள். "நிறுத்திவிடலாம்" என்று பேசுகிற மனுஷருக்கு, மகளைக் காலேஜில் சேர்க்கிற வேலை ஒன்று கையில் இருப்பது நல்லது. விண்ணப்பத்தை அவரே நிரப்பட்டும்.

புரோக்கருக்கு ஒரே பதில்: போனை எடுக்காதீர்கள். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி சிறுநீரகத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். பத்து ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆதியாகமம் 16-ல் சாராள் என்ன செய்தாள்? கானானில் பத்து வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஆகாரை வைத்துக் குறுக்கு வழி தேடினாள். அதற்கு விலை கொடுத்தது யார்? சாராள் இல்லை, ஆபிரகாமும் இல்லை. வேலைக்காரியான ஆகார்தான் வயிற்றில் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடினாள். நம்மால் காத்திருக்க முடியாமல் போகும்போது பெரும்பாலும் நம்மைவிட ஏழையான ஒருவர்தான் அதற்குத் தண்டம் கட்டுகிறார். புரோக்கர் கூட்டிவருகிற ஆளும் எங்கோ கடனில் மூழ்கிய ஒரு ஏழையாகத்தான் இருப்பார்.

நேர்வழியில் ஒன்று இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். உங்களைப் போலவே ரத்த வகை சேராத இன்னொரு குடும்பம் இருந்து, உங்கள் சிறுநீரகம் அவர்கள் வீட்டு நோயாளிக்கும், அவர்களுடையது உங்கள் கணவருக்கும் பொருந்தினால், இரண்டு குடும்பமும் மாற்றிக் கொடுக்கலாம். 2011-ல் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு இடம் கொடுத்தார்கள். ஸ்வாப் என்று சொன்னால் மருத்துவமனையில் புரியும். இரண்டு பக்கமும் கொடுப்பவர்கள் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், நீங்கள் மனைவி என்பதால் தகுதி உண்டு. ஜோடி கிடைக்குமா என்பது வேறு விஷயம். கேட்டு வைத்தால் உங்கள் பெயர் அந்தப் பக்கமும் இருக்கும்.

இப்போது, யாரோ சாக வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது. உங்கள் கடிதத்தில் இந்த வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். மருத்துவமனை வார்டுகளில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிற வீடுகளில் பலருக்கு இது மனதில் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. லீவு நாட்களில் ஈசிஆரில் விபத்து என்று செய்தி வரும்போது நெஞ்சு ஒரு நொடி துள்ளும், உடனே தன்மேல் அருவருப்பு வரும். உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால், அதற்காக உங்களைத் தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

நடப்பது என்னவென்று பார்ப்போம். பெரும்பாலும் விபத்தில் தலையில் அடிபட்டோ, மூளையில் ரத்தம் கசிந்தோ ஒருவர் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். அவரைக் காப்பாற்றத்தான் டாக்டர்கள் பாடுபடுகிறார்கள். முடியாமல் போய், மூளை முழுவதும் செயலிழந்துவிட்டதா என்று நாலு மருத்துவர்கள் கொண்ட குழு சோதிக்கிறது. குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு மறுபடியும் சோதிக்கிறது. அதன் பிறகுதான் வீட்டாரிடம் தானம் பற்றிய பேச்சு. அந்த மரணத்துக்கும் உங்கள் ஜெபத்துக்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் ஜெபித்தாலும் ஜெபிக்காவிட்டாலும் அந்தத் தாய் அந்த ஐசியு வாசலில் நின்றிருப்பாள். அந்த மரணத்தோடு எல்லாமும் மண்ணுக்குள் போக வேண்டுமா, கொஞ்சம் மிஞ்ச வேண்டுமா என்பதுதான் அங்கே இருக்கிற கேள்வி. உங்கள் ஜெபம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

2008-ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவனுடைய இதயம் ஒரு சிறுமிக்குள் துடித்தது. நம் மாநிலத்தில் உறுப்பு தானம் வீடுவீடாகப் பேசப்பட அது ஒரு பெரிய காரணம். 2023-லிருந்து உறுப்பு கொடுத்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்கிறார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கொடுக்கிற பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் உங்களைப் போன்ற ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதுதான் அந்த நேரத்தில் கிடைக்கிற ஒரே ஆறுதல். அவர்களிடமிருந்து நீங்கள் எதையும் பறிக்கவில்லை.

இன்னொன்று. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? இன்னொருவர் சரீரம் பிட்கப்பட்டதால், இன்னொருவர் ரத்தம் சிந்தப்பட்டதால் நாம் பிழைத்திருக்கிறோம் என்கிறோம். கொடுக்கப்பட்டதைத் தகுதியில்லாமல், கை நீட்டி வாங்கிக்கொள்வதுதான் நம்முடைய விசுவாசமே. உங்கள் கணவருக்கு அந்த நாள் வந்தால் அவரும் அப்படித்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த உறுத்தல் முழுசாகப் போகாது, போகவும் வேண்டாம். முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் மேல் உங்களுக்கு இருக்கிற அன்பு அது. அதையே ஜெபமாக்குங்கள். "ஆண்டவரே, யாரும் சாக வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு வீட்டில் துக்கம் வருகிற நாளில் அவர்களோடு இரும். கொடுக்கிற மனம் அவர்களுக்கு வந்தால் அவர்களை ஆசீர்வதியும். எங்களுக்கு வந்தால் நன்றியோடு வாழக் கற்றுக்கொடும்." இவ்வளவு போதும். உங்கள் சபையார் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தால், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உறுப்பு தான உறுதிமொழிப் படிவங்களை வைக்கச் சொல்லுங்கள். நாற்பது நாள் உபவாசம் இருக்கத் தயாராக இருக்கிறவர்கள் எத்தனை பேர் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆவல்தான்.

ஜெபிக்கவே வராத நாட்களில் ஜெபிக்க முயற்சி செய்யாதீர்கள். சங்கீதம் 13-ஐ வாய்விட்டு வாசியுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அதுவும் முடியாத ராத்திரிக்கு 88. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும், இதில் வராது. இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், ஆலயத்தில் பாடியிருக்கிறார்கள். கடவுளிடம் கோபமாகப் பேசுகிறவன் இன்னும் கடவுளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறான். பெருமூச்சு மட்டுமே வந்தால், ரோமர் 8:26-ன்படி அதையும் ஆவியானவர் எடுத்துக்கொள்கிறார். டயாலிசிஸ் நாட்களில் கிட்னிக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டு, அந்த நாலு மணி நேரத்துக்காக மட்டும் கேட்டுப் பாருங்கள்: பிரஷர் இறங்காமல் இருக்க, ஊசி குத்தும் நர்ஸின் கை நிதானமாக இருக்க, வீடு திரும்பும்போது அவருக்கு வாந்தி வராமல் இருக்க. இப்படிக் கேட்டதில் பலவும் கிடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பெரிய கேள்வியின் சத்தத்தில் அது காதில் விழவில்லை.

கிட்னி கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. கிடைக்க வேண்டும் என்று நானும் ஆமென் சொல்கிறேன். கிடைக்காமலே போகக்கூடும் என்பதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன். கெத்செமனேயில் இயேசுவே மூன்று முறை ஒரே ஜெபத்தைச் செய்தார், பாத்திரம் நீங்கவில்லை. அவர் கேட்டதில் விசுவாசம் குறைந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள். கைவிடப்பட்டேன் என்று சிலுவையில் கதறியவரை மூன்றாம் நாள் பிதா எழுப்பினார் என்பதில்தான் நம் நம்பிக்கை நிற்கிறது. சிறுநீரகம் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் கணவர் அந்தக் கையில்தான் இருக்கிறார்.

கடைசியாகக் கன்வென்ஷன். நடக்காததை நடந்ததாக மேடையில் சொல்ல வேண்டாம். விசுவாச அறிக்கை என்று பேர் வைத்தாலும் அது பொய். கூட்டத்தில் உங்களைப் போலவே காத்திருக்கிற இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பாள், அதைக் கேட்டு, தன் வீட்டில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு போவாள். உங்களிடம் உண்மையான சாட்சி ஒன்று இருக்கிறது: "மூன்று வருடமாக டயாலிசிஸ். கிறிஸ்துமஸுக்குள் நடக்கும் என்றார்கள், நடக்கவில்லை. இன்னும் காத்திருக்கிறோம். ஆண்டவரை விடவில்லை." இதைச் சொல்ல மைக் கொடுப்பார்களா என்று முன்னாடியே உங்கள் போதகரிடம் கேட்டுவிடுங்கள். ஊழியக்காரரைக் குறைசொல்லி மேடையில் பேசவும் வேண்டாம், அதைத் தனியாக, கூட்டத்துக்கு முன்பே, உங்கள் போதகரை வைத்துக்கொண்டு அவரிடமே சொல்லுங்கள். மறுபடியும் தலையில் கை வைத்து ஜெபிக்க வந்தால், ஜெபிக்கலாம், தேதி மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதில் எதற்கும் முன்னால் உங்கள் கணவரைக் கேளுங்கள். நோய் அவருடையது, எல்லார் முன்னாலும் பேசப்படப்போவதும் அவர் உடம்புதான். மேடையே வேண்டாம் என்று அவர் சொன்னால், வேண்டாம்.